முகச் சிகிச்சை மோகம்

பட்டணங்களில் மட்டுமன்றி, தாலூகா ஊர்களின் கடைத்தெருக்களிலும் முக அழகுச் சிகிச்சை நிலையங்கள் இப்பொழுது பெருகி வருகின்றன. பருத் தழும்பைப் போக்குவதாகவும், மங்கு நோயைத் தீர்ப்பதாகவும், கறுத்த முகத்தை வெளுக்க வைப்பதாகவும் அவற்றின் விளம்பரங்கள் கூறுகின்றன. முகம் பொலிவுடனிருக்க வேண்டுமென்று ஸ்திரீகளும் புருஷர்களும் விரும்புவதில் நாம் யாதொரு குற்றமும் காணவில்லை. தழும்பினால் நாலு பேர் முன் வரக் கூசும் ஓர் இளைஞனுக்குத் தக்க சிகிச்சை கிடைப்பது நல்லதே. ஆயினும், புடவை வாங்கும்போது சாயம் நிற்குமா என்று பத்துத் தடவை கேட்கும் நமது ஜனங்கள், தம் முகத்தின்மீது பூசப்படும் பொருள் யாதென்று ஒரு தடவையேனும் கேட்பதில்லை என்பதே நமது குறை.

இவ்விஷயத்தில் பெருந்தீங்கு விளைவிப்பது யந்திரமுமன்று, ஊசியுமன்று. மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு களிம்புக் குழாயே. பீட்டாமெத்தஸோன், குளோபெட்டஸால், மொமெட்டஸோன் முதலிய ஸ்டீராய்டு மருந்துகள் சில சரும நோய்களுக்குக் குறுகிய காலம் உபயோகிக்கத் தக்கவை. இவற்றை அழகு கிரீமாக எண்ணித் தினந்தோறும் பூசுவோர் நம் நாட்டில் எண்ணிறந்தவர். முதல் சில வாரங்களில் பருக்கள் அடங்கும். முகம் வெளுத்துப் பளபளக்கும். அண்டை வீட்டாரும் காரணம் கேட்டு அதையே வாங்குவர். மாதங்கள் செல்லச் செல்லத் தோல் மெலியும். சிவந்த இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். பெண்களின் கன்னத்தில் ரோமம் அரும்பும். பருக்கள் முன்னிலும் அதிகமாகத் தோன்றும். பயந்து நிறுத்தினாலோ முகம் தீப்பட்டதுபோல் எரியும். அந்த எரிச்சலைத் தணிப்பதும் அதே களிம்புதானாகையால், அதையே மறுபடியும் நாடுவர். குடிகாரனைக் கள்ளுக்கடை பிடித்துக்கொள்வதும் இவ்வாறேயன்றோ?

இத்தகைய களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்று 2018-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் விதி செய்தனர். சரும வைத்தியர்களின் சங்கத்தார் பல வருஷங்கள் முறையிட்டதன் பயன் அது. விதி ஏட்டில் இருக்கிறது. களிம்போ இன்றும் கேட்ட மாத்திரத்தில் கைக்கு வருகிறது. மருந்து இன்ஸ்பெக்டர்கள் கடைகளுக்குச் சென்று பார்க்கும்போது, இந்த ஒரு சரக்கின் விற்பனைக் கணக்கையும் வைத்தியர் சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், உண்மை வெளிப்பட்டுவிடும். அவர்கள் ஏன் அதைச் செய்வதில்லை என்று கேட்பதற்குப் பொது ஜனங்களுக்கு உரிமை உண்டு.

இதனினும் கொடியது பாதரசம். தோலின் நிறப்பொருள் உண்டாவதை அது தடுப்பதால் முகம் வெளுக்கும். ஆனால் அது தோலோடு நிற்பதில்லை, உடலுக்குள் ஊறிச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளத்தில் மலப்புரம் ஜில்லா கோட்டக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியின் வைத்தியர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரையில் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அபூர்வமான ஒரு பிரிவு காணப்பட்டது. அந்தப் பதினைவரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். கால் வீங்கிற்று, சிறுநீர் நுரைத்தது என்று வந்தவர்களிடம், முகத்தில் என்ன பூசுகிறீர்கள் என்று கேட்கத் தோன்றிய அவ்வைத்தியர்களின் கூர்மையை நாம் பாராட்டுகிறோம். கிரீமை விட்டபின் பெரும்பாலோர் குணமடைந்தனராம். உறையில் தயாரித்தவர் விலாசம், சேர்மானங்கள், லைசென்ஸ் எண், காலாவதித் தேதி ஆகியவை காணப்படாத எந்தக் கிரீமும், வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்புடன் கொண்டுவந்ததேயாயினும், வீட்டிற்குள் வரக்கூடாது.

இனி நிலையங்களுக்கு வருவோம். அரை ஏக்கர் நிலத்தின் வழக்கைச் சன்னது பெறாத ஒருவரிடம் ஒப்படைப்பவர் எவருமில்லை. முகத்தை மட்டும் வெள்ளைக் கோட்டு அணிந்த எவரிடமும் ஒப்படைத்துவிடுகிறோம். சரும வைத்தியத்தில் பட்டமோ டிப்ளமாவோ பெற்றவரா, மருத்துவக் கவுன்சிலில் பதிவானவரா என்று கேட்பது அவமரியாதையாகாது. யோக்கியமான வைத்தியர் அதற்குக் கோபிக்கமாட்டார். பெயர்ப் பலகையிலுள்ள வைத்தியர்தாம் கருவியைப் பிடிக்கிறாரா, அல்லது மூன்று மாதம் பயின்ற சிப்பந்தியா என்பதையும் கேட்க வேண்டும்.

லேஸர் ஒளி தோலின் நிறப்பொருளில் பாய்ந்து வேலை செய்வது. நம்மவர் தோலில் நிறப்பொருள் மிகுதி. வெள்ளையருக்கு ஏற்ற அளவை அப்படியே நமக்கு வைத்தால் தோல் வெந்து, போக்க வந்த கறுப்பைவிடப் பெரிய கறுப்பு தங்கிவிடும். தோலை உரிக்கும் அமிலச் சிகிச்சையிலும் இதே அபாயமுண்டு. ஆகவே சிறிய ஓரிடத்தில் சோதித்துப் பார்த்து, சில வாரம் பொறுத்து, பின்னரே முகம் முழுவதிலும் செய்யுமாறு கேட்பது புத்தி. மங்கு நோய் அடங்கும். வெயிலில் திரிந்தால் மீண்டும் வரும். ஆறு தடவையில் அடியோடு ஒழித்துவிடுவேன் என்று முன்பணம் கேட்பவர் வைத்தியரல்லர், வியாபாரி. குழி விழுந்த கன்னத்தை நிரப்பும் ஊசி தவறி இரத்தக் குழாயில் பாய்ந்து கண் பார்வை போனவர்களும் உண்டு. வெளுப்பதற்காக ஏற்றப்படும் குளூட்டத்தயோன் ஊசிக்கோ, அமெரிக்க மருந்து நிர்வாகத்தார் இதுவரை அங்கீகாரமே அளிக்கவில்லை.

1975-ல் விற்பனைக்கு வந்த ஒரு பிரபல வெளுப்பு கிரீமின் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல்லை 2020-ல் அதன் கம்பெனியார் நீக்கினர். பெண் பார்க்க வருகிறவர்கள் தம் நாவிலிருந்து அதை இன்னும் நீக்கவில்லை. முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, பத்தே நாளில் நிறம் வரவேண்டும் என்று பெற்றோர் பெண்ணை அழைத்துக்கொண்டு ஓடுகின்றனர். ஆழமாகத் தோலை உரித்தால் சிவப்பும் பொருக்கும் ஆறப் பத்து நாள் போதாது. அவ்வளவு அவசரத்தில் எதுவும் செய்ய முடியாதென்று வைத்தியர் ஒருவர் திருப்பி அனுப்பினால், அடுத்த தெரு நிலையத்தைத் தேடிப் போகாமல், கல்யாணம் முடிந்தபின் நிதானமாக அவரிடமே மீண்டும் செல்லலாம்.