பயணச்சீட்டுக்குத் திறக்கும் தீவு

குருசடைத் தீவுக்குச் சுற்றுலாப் படகு விட்ட முடிவை எத்தனை பேர் பாராட்டினாலும் நம்மால் ஏற்க முடியவில்லை. குந்துகால் துறையில் பயணச்சீட்டு வாங்கியவர் அந்தத் தீவின் மணலில் இறங்கலாம், படம் எடுக்கலாம், திரும்பலாம். அதே துறைக்குப் பக்கத்தில் சின்னப்பாலத்தில் பிறந்து, தாயோடும் பாட்டியோடும் அந்தக் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண் அங்கே போனால் குற்றவாளி. இந்த வேறுபாட்டுக்கு இன்றுவரை யாரும் நேர்மையான விளக்கம் சொல்லவில்லை.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. பாம்பன் தொடங்கித் தூத்துக்குடி வரை குருசடை உட்பட 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர் பரப்பு. பவளப்பாறையும் கடற்புல்லும் கடற்பசுவும் உள்ள இந்தக் கடலைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. யாரிடமிருந்து காக்கிறோம், யாருக்காகக் காக்கிறோம் என்பதில்தான் தகராறு.

பாசி எடுக்கும் வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சேலைக்கு மேலே ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி இறங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்துப் பையில் திணித்து மேலே வருவார்கள். மூச்சு வாங்கியதும் மறுபடி இறங்குவார்கள். விரல் கிழிந்தாலும் உப்புத் தண்ணீரில் எரிச்சல் அடங்கும்வரை காத்திருக்க முடியாது. அலை தணிந்திருக்கும் சில மணி நேரத்துக்குள் அன்றைய கூலியை எடுத்தாக வேண்டும். கரையில் காயவைத்த பாசியை வியாபாரி சொல்லும் விலைக்குப் போட வேண்டும். அது அகர் அகராகி, நம் வீட்டு இனிப்புக்கும் மருத்துவ ஆய்வுக்கூடத்துக்கும் போகிறது.

இந்தப் பெண்கள் கடலை அழித்தார்களா? தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள் அவர்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் கடலுக்குப் போவது, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசி எடுப்பதை நிறுத்துவது, இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்று கிராமம் கிராமமாகப் பேசி முடிவெடுத்தார்கள். எந்த அதிகாரியும் எழுதிக் கொடுத்த விதிகள் அல்ல இவை. வேரை விட்டால்தான் அடுத்த முறையும் பாசி இருக்கும் என்பது அவர்கள் பிழைப்பில் கற்றது. இந்த முயற்சிக்காகச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. தீவுகளைக் காப்பவர்களுக்குத் தரப்படும் விருது அது. உலகம் யாரைக் காவலர் என்று மெச்சியதோ அவரையும் அவர் தோழிகளையும் இங்கே அத்துமீறி நுழைபவர்கள் என்று விரட்டுகிறோம். வீட்டுக்காரரைத் திண்ணையில் நிறுத்திவிட்டு வழிப்போக்கருக்குக் கூடத்தில் பாய் விரிக்கும் செயல் இது.

சட்டம் சுற்றுலாவை அனுமதிக்கிறது என்று பதில் சொல்வார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, நுழைவு அனுமதிக்கான காரணங்களில் சுற்றுலாவையும் சேர்த்திருப்பது உண்மை. பூங்கா அமைக்கும்போது அந்த இடத்தில் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று விசாரித்துத் தீர்க்கச் சொல்வதும் அதே சட்டம்தான். பாசிப் பெண்களின் வாசலுக்கு எந்த விசாரணை வந்தது? தேசியப் பூங்காக்களையும் உள்ளடக்கிய 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், நீர்நிலைகளில் மீனும் பிற பொருள்களும் எடுக்கும் சமூக உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அந்த வழியையாவது திறந்து பார்த்தார்களா? சுற்றுலாவுக்குச் சாதகமான பிரிவு மட்டும் கண்ணில் படுகிறது. ஏழைக்குச் சாதகமான பிரிவு கோப்புக்கு அடியில் கிடக்கிறது.

இதே கடலைப் பற்றி இதே அதிகார நாற்காலிகள் முன்பு எடுத்த முடிவுகள் என்ன ஆயின என்று பார்ப்போம். பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு ஏற்றிச் சென்றார்கள். பூங்கா அறிவித்த பிறகும் அது உடனே நிற்கவில்லை. பாறை போனால் அலையைத் தடுக்க ஏது அரண்? பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. காரைச்சல்லி தேய்ந்துகொண்டே வருகிறது.

கப்பாபைக்கஸ் கதை இன்னும் கொடியது. பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்த இந்த அந்நியப் பாசியை மண்டபம் கரையில் மூங்கில் மிதவை கட்டி வளர்க்க விட்டார்கள். வேகமாக வளரும், வருமானம் தரும் என்று சொன்னார்கள். ஒடிந்த துண்டு ஒன்று போதும், அது தனிச் செடியாகும். அந்தப் பாசி குருசடையின் பவளங்கள் மேல் படர்ந்து மூடுவதை மதுரை ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். வெளிச்சம் மறைந்தால் பவளம் சாகும். பிறகு ஆள் வைத்து அதைக் கையால் பிடுங்க வேண்டியதாயிற்று. அந்த முடிவுக்கு யார் தண்டனை பெற்றார்? ஒருவரும் இல்லை. கைப்பிடி மரிக்கொழுந்துப் பாசிக்காகப் படகையும் வலைப்பையையும் பறிகொடுத்தவர்கள் மட்டும் இருக்கிறார்கள்.

இப்படி ஒரு வரலாற்றை வைத்துக்கொண்டு அதே குருசடைக்கு ஆட்களை ஏற்றிப் போவதற்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. அந்த அடியிலிருந்து எழ முயலும் பாறைகளுக்கு மேலே படகின் விசிறி சுழல்கிறது, நங்கூரம் விழுகிறது, ஆழம் குறைந்த இடத்தில் கால்கள் மிதிக்கின்றன. தீவு அவ்வளவு நொய்ந்தது என்றால் எல்லோருக்கும் மூடுங்கள். ஆட்களைத் தாங்கும் என்றால் அந்தக் கடலிலேயே வளர்ந்தவர்களை முதலில் விடுங்கள். பணம் கட்டியவரின் கால் பாறைக்கு நல்லது, பசித்தவரின் கை கெட்டது என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை.

படகுத் திட்டத்தை நிறுத்தி வையுங்கள். கரையோரக் கிராமங்களை, குறிப்பாகப் பெண்களை, அழைத்து உட்கார வைத்து முறையாகப் பேசுங்கள். கடலைக் காக்கும் பொறுப்பிலும் அதன் பயனிலும் அவர்களுக்குப் பங்கு கொடுக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும். அது எந்த வடிவில் அமையும் என்பதை அவர்களோடு சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். அவர்களைக் கேட்காமல் இந்தத் தீவுகளைப் பற்றி இனி எடுக்கும் எந்த முடிவுக்கும் மக்களின் ஒப்புதல் இருக்காது. நாமும் ஒப்ப மாட்டோம்.