லோகோவை விடுங்கோ, முதலில ஒரு சின்ன கேமை முடியுங்கோ

கேம் செய்யப்போறம் எண்டு சொல்லுற ஆக்களிட்ட "என்ன கேம்?" எண்டு கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: ஓப்பன் வேர்ல்ட், மல்டிபிளேயர், யாழ்ப்பாணம் முழுக்க வரைபடம். கதை நாற்பது பக்கம் இருக்கும், லோகோ இருக்கும், யூடியூப் சனலும் இருக்கும். விளையாட மட்டும் ஒண்டும் இராது. இதைக் கனவு என்று சொல்லி நாங்கள் கைதட்டுவதை நிறுத்தவேணும். வேலையைத் தள்ளிப்போட இது ஒரு வழி, அவ்வளவுதான்.

"ரீம் இல்லை, காசு இல்லை" என்ற காரணமும் எடுபடாது. 2013இல் லூகாஸ் போப் ஏறத்தாழத் தனியாளாகச் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமில் இருப்பது ஒரு மேசை, ஒரு முத்திரை, கடவுச்சீட்டோடு வரும் சனம். யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதுதான் முழு விளையாட்டும். அடையாள அட்டையோடு சோதனைச்சாவடி வரிசையில் நின்ற சமூகம் நாங்கள். அப்படியொரு அனுபவத்தைக் கேமாக்க ஒரு மேசை போதும் என்று எங்களுக்கு வேறு யாரோ காட்டவேண்டியிருந்தது.

வடிவமைப்புப் படிக்க வெளிநாடு போகத் தேவையில்லை. கிளித்தட்டை எடுங்கோ. நிலத்தில கீறின சில கோடுகள். மறிக்கிற ஆள் தன்ர கோட்டை விட்டு வரேலாது. கிளி மட்டும் நடுக்கோட்டாலயும் ஓடலாம். மூச்சுவாங்க வைக்கிறது இந்த விதிகள்தான். உங்கட கேமையும் முதலில சதுரமும் வட்டமும் மட்டும் வைச்சுச் செய்யுங்கோ. அது சுவையா இல்லையெண்டால், அழகான படம் கீறி அதைக் காப்பாத்தேலாது.

ரெண்டு கிழமை, ஒரு திரை, ஒரு விதி: இதுக்கு மேல போகாதேங்கோ. கருவிக்கு கொடோ போதும். இலவசம், திறந்த மூலம். 2023 செப்டெம்பரில் யுனிட்டி, கேம் நிறுவப்படும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த வருசம் அதைக் கைவிட்டது. எங்கட வேலை இன்னொருத்தரின்ர விலைப்பட்டியலில தொங்கக்கூடாது. முதல் நாளே திரையில் "வெயில்" என்று எழுதிப் பாருங்கோ. சில கருவிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிற்கும். கொடோ 4இல் தமிழ் ஒழுங்காக வரும்.

முடிச்சவுடன ஒரு சிநேகிதரிட்டக் குடுத்து, விளக்கம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு பின்னால நில்லுங்கோ. அவர் எங்க முழிக்கிறாரோ அங்கதான் உங்கட அடுத்த வேலை. ஸ்டீமில் ஒரு கேமை ஏற்ற 100 டொலர் கட்டவேணும், இட்ச்.ஐஓவில் சும்மா ஏற்றலாம். முதல் கேமுக்கு அது காணும்.

எங்கட கதைகளை மற்றவை பிழையாகச் சொல்லுகினம் என்று கோபப்பட எங்களுக்கு உரிமை இருக்கு. ஆனால் அஞ்சு நிமிசம் விளையாடக்கூடிய ஒண்டைக்கூட முடிக்காமல் எத்தனை வருசம்தான் கோபப்பட்டுக்கொண்டு இருக்கப்போறம்?