ஓய்வு என்பது படுக்கை அன்று

பித்தப்பை அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புவோரிடம் இரு வகைத் தவறுகளைக் காண்கிறோம். சிலரைக் குடும்பத்தார் அன்பு மிகுதியால் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. வேறு சிலர், குறிப்பாக இல்லத்தரசிகள், காயம் சிறியதுதானே என்று மறுவாரமே தண்ணீர்க்குடத்தைத் தூக்குகின்றனர். இரண்டும் கூடாது என்பதே எங்கள் கருத்து.

அசையாமல் படுத்திருந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையவும் நுரையீரலில் சளி தேங்கவும் வாய்ப்புண்டு. எனவே மருத்துவர் அனுமதித்தவுடன், இயன்றால் அன்றே, மெல்ல நடக்கத் தொடங்க வேண்டும். லேப்ராஸ்கோப்பியின்போது வயிற்றில் செலுத்தப்படும் கரியமில வாயுவால் தோள்பட்டை சில நாள்கள் வலிக்கலாம். அதற்காக நடையை நிறுத்த வேண்டியதில்லை.

பளு தூக்குவது வேறு. தொப்புளருகே தோல் விரைவில் ஆறிவிடும். உள்ளிருக்கும் தசையுறை வலுப்பெற வாரங்கள் ஆகும். அதற்குள் சுமை தூக்கினால் அவ்விடத்தில் குடலிறக்கம் ஏற்படக்கூடும். ஆகவே குடம், எரிவாயு உருளை, வயிற்றுத் தசைப் பயிற்சி, ஜிம் எடைகள் ஆகியவற்றை 4 முதல் 6 வாரங்கள் தள்ளிவைப்பது நலம். வயிற்றைத் திறந்து செய்த சிகிச்சையாயின் இன்னும் கூடுதல் காலம் தேவைப்படும்.

காய்ச்சல், மஞ்சள் காமாலை, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது இதுவே: நோயாளியைப் படுக்க வைத்துக் காவல் இராதீர்கள், உடன் நடந்து செல்லுங்கள். குடத்தை நீங்கள் தூக்குங்கள்.