‘பழகிப்போடும்’ எண்டு சொல்லாதேங்கோ

2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது, தூசி பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் திரும்ப ரோட்டுக்கு வந்தன. வரிசைகள் முடிந்த பிறகும் கம்பஸுக்கும் ரியூசனுக்கும் வேலைக்கும் சைக்கிளிலேயே போகிறவர்கள் எங்களில் கனபேர். மவுண்டன் பைக் வாங்கப் போனால் நாங்கள் கேட்பது என்ன? எத்தனை கியர், டிஸ்க் பிறேக்கா, முன்னுக்குச் சொக் இருக்கா? கை வைக்கிற இடத்தைப் பற்றி மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

பிறகு ஒரு மணித்தியாலம் ஓடினால் சின்னவிரலும் மோதிரவிரலும் விறைக்கத் தொடங்கும். கேட்டால், "பழகிப்போடும்" என்பார்கள். அது பழக்கத்தால் தீர்கிற விஷயம் இல்லை. உள்ளங்கையின் வெளிப்பக்க அடியில் அல்னார் நரம்பு ஒரு ஒடுங்கிய வழியால் போகிறது. வட்டமான மெல்லிய கிறிப்பில் உடம்பின் பாரம் சரியாக அந்த இடத்தில்தான் விழுகிறது. நாள்தோறும் நசுங்கினால் விறைப்பு கூடும், பிடிப்பின் பலமும் குறையலாம். சைக்கிளை விட்டு இறங்கியும் விறைப்பு போகாவிட்டால் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

காசு செலவழிக்க முதல் ஒரு அலன் கீயை எடுப்போம். சீற்றின் மூக்கு கீழே சரிந்திருந்தால் உடம்பு முன்னுக்கு வழுக்கி, பாரம் முழுக்கக் கையில் இறங்கும். அதை மட்டமாக்கலாம். ஹாண்டில் மிகவும் பதிவாக இருந்தால் உயர்த்தலாம். பிறேக் லீவரை, முன்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் நிற்கிற மாதிரித் திருப்பலாம். இவ்வளவுக்கும் ஒரு சதம் செலவில்லை.

அதற்குப் பிறகும் விறைத்தால் கிறிப்பை மாற்றலாம். வெளிப்பக்கம் செட்டை மாதிரி அகன்ற கிறிப்புகள் பாரத்தை உள்ளங்கை முழுக்கப் பரப்பும். ஜேர்மனியின் எர்கொன் நிறுவனம் பெயரெடுத்தது இந்த வடிவத்தால்தான். அதே வடிவில் மலிவானவையும் இருக்கின்றன. திருகாணியால் இறுக்குகிறதைப் பார்த்து எடுங்கோ. இல்லாவிட்டால் செட்டை சுழன்று மணிக்கட்டை மடக்கும். முறுக்கிக் கியர் மாற்றுகிற சைக்கிளுக்கு நீளம் குறைந்த கிறிப் வேணும். சின்னக் கைக்குத் தடித்த கிறிப் சரிவராது, பிடித்துப் பிடித்தே முன்கை களைத்துவிடும். எங்கட தோழிகள் பலருக்கும் கடையில் கிடைப்பது ஒரே அளவுதான். அளவு கேட்பது செல்லம் கொஞ்சுவது இல்லை.

பார் எண்ட் என்பது ஹாண்டிலின் இரண்டு நுனியிலும் மாட்டுக் கொம்பு மாதிரி முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பிடி. 1990களில் மவுண்டன் பைக்குகளில் பரவலாக இருந்தது. அகன்ற ஹாண்டில்கள் வந்த பிறகு, கிளைகளில் கொளுவுது எண்டு காட்டுப்பாதை ஓட்டக்காரர் கைவிட்டார்கள். ஆனால் எங்களில் எத்தனை பேர் காட்டுக்குள் ஓடுகிறோம்? பண்ணைப் பாலத்தின் எதிர்க்காற்றுக்கும் கண்டிப் பக்கத்து ஏற்றத்துக்கும் பிடியை மாற்றி மாற்றி ஓடுவது பெரிய ஆறுதல். ஒரே இடத்தில் அழுத்தம் நிற்காது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: கை கொம்பில் இருக்கும்போது பிறேக் கைக்கெட்டாது. பஸ்ஸும் ஓட்டோவும் நெருக்குகிற ரவுணுக்குள் கை கிறிப்பில்தான் இருக்கவேணும். ரவுணுக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு பார் எண்ட் தேவையே இல்லை.

இதெல்லாம் பந்தயக்காரரின் ஆடம்பரம் எண்டு சிலர் சிரிக்கலாம். பந்தயக்காரர் விரும்பி ஓடுகிறார். சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பெடியனும், பஸ் காசை மிச்சம் பிடிக்கிற மாணவியும் ஓடித்தான் ஆகவேணும். அந்தக் கையால்தான் பிறகு சோதனையும் எழுதவேணும். நோவைத் தாங்குவதைக் கெட்டித்தனமாகப் பார்த்துப் பழகிய சமூகம் நாங்கள். அடுத்த முறை சைக்கிள் கடைக்குள் போனால் கியரை எண்ண முதல் கிறிப்பைப் பிடித்துப் பார்ப்போம்.