வளைந்த கையும் வெல்லும்



கை ஊனமுற்ற பிள்ளையைத் திடலோரத்தில் அமர்த்திப் பிறர் உடைமைகளைக் காக்கச் சொல்வது இரக்கமன்று, அநீதியாகும். யானும் ஒருகாலத்தில் அத்தவற்றைச் செய்தவனே.

1972இல் கண்டியில் பிறந்த கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் வலது முழங்கை பிறவியிலேயே முழுதும் நிமிராது. நம் முன்னோர் மலாயாவுக்கு வந்தாற்போல, அவர்தம் பாட்டனார் தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கச் சென்றவர். 1995இல் மெல்பர்ன் நகரில், முரளியின் பந்துவீச்சு முறையற்றதென நடுவர் பலமுறை அறிவித்தார். அவர் சோரவில்லை, தம் கையை அறிவியல் ஆய்வுக்கு உட்படுத்தினார். 2010இல் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி உலக சாதனை படைத்தார்.

இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலக்கையாலேயே 1971இல் இந்தியாவுக்கு இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடித் தந்தார் சந்திரசேகர்.

ஆதலின் பெற்றோர்களே, "உன்னால் இயலாது" என்று சொல்லுமுன் பிள்ளையின் கையில் பந்தைக் கொடுத்துப் பாருங்கள். யானும் கொடுப்பேன்.