திருப்பிப் போட்ட இரண்டு போல்ற்றுகள்

பழைய கார்களைப் பற்றிப் பேசுகிறவர்களை இரண்டு சாராராகப் பிரிக்கலாம். அசலில் ஓர் ஆணிகூட மாறக்கூடாது என்பவர்கள் ஒரு சாரார். ஓடினால் சரி, உள்ளே என்ன இருந்தால் என்ன என்பவர்கள் மறு சாரார். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்போர் நடுவிலும் இந்தப் பிரிவு உண்டென்பதை இங்கு வாசிக்கும் நண்பர்கள் அறிவார்கள். இரு தரப்போடும் எனக்கு இணக்கமில்லை. அதற்கான காரணம், சித்தப்பாவின் மொறிஸ் மைனருக்குப் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் மாற்றிய இரண்டு நாள்களில்தான் எனக்கே துலங்கியது.

மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான கார். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959இல் வந்த மினியும் அவருடைய கைவண்ணமே. நிறுவனத்தின் தலைவரான நஃபீல்ட் பிரபு இதன் உருவத்தைப் பார்த்து, உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை என்று இகழ்ந்ததாகச் சொல்வார்கள். அந்த முட்டை 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. இலங்கையில் இன்றும் அதைத் தெருவில் காணலாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட யாழ்ப்பாணத்துப் பழைய கார்களை எங்கள் தலைமுறை மறக்காது.

சித்தப்பாவின் கார் இடையில் நெடுங்காலம் கொட்டகையில் நின்றது. மீண்டும் ஓடத் தொடங்கிச் சில மாதங்களில், ஒரு மாலை ரயில் கடவையில் காத்து நின்றபோது, மிதித்திருந்த பிறேக் மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கியது. கை பிறேக்கை இழுத்து நிறுத்தினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் நான்கு சில்லுகளிலும் ஒழுக்கில்லை. தொட்டியில் அளவும் குறையவில்லை.

வெளியே ஒழுகாமல் மிதி இறங்குகிறதென்றால் குற்றம் பெரும்பாலும் மாஸ்ரர் சிலிண்டருக்குள்ளே இருக்கும். மிதியை அழுத்தும்போது பிஸ்ரன் முன்னே சென்று திரவத்தைக் குழாய்களுக்குள் தள்ள வேண்டும். பிஸ்ரனின் முன்னிருக்கும் இறப்பர்க் கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்தால், தள்ளப்பட்ட திரவம் அதைத் தாண்டிப் பின்னுக்கே திரும்பிவிடும். மைனரில் ஒரே சிலிண்டர், ஒரே சுற்று. நான்கு சில்லுகளும் அதையே நம்பியிருக்கின்றன. அது கைவிட்டால் மிஞ்சுவது கை பிறேக் மட்டுமே. அமெரிக்காவில் புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்று 1968இல் கட்டாயமாக்கப்பட்டது இந்த அபாயத்தைக் கருதித்தான்.

சித்தப்பாவோ சிலிண்டரைக் கழுவி, புது இறப்பர் போட்டு, அதையே பூட்டச் சொன்னார். "ஐயா வாங்கின நாளிலை இருந்த சாமான்" என்றார். அவருக்கு அது தகப்பனாரின் கைபட்ட இரும்பு. மெக்கானிக் மறுபேச்சுப் பேசாமல் சிலிண்டரைக் கழற்றி, ரோர்ச் வெளிச்சத்தில் உள்ளே காட்டினார். சுவரெங்கும் சிறு குழிகள்.

"அண்ணை, இதுக்குள்ளை புது இறப்பர் போட்டா இந்தக் குழியள் அதையும் கிழிக்கும். கொஞ்ச நாள் நல்லாத்தான் பிடிக்கும். பிறகு ஒரு நாள் இல்லை."

பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கார் நிற்க நிற்க அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரைத் துருவாக அரிக்கிறது. நாம் அதைப் பிறேக் ஒயில் என்கிறோம். அந்தச் சொல்லே ஆபத்தானது. உண்மையான எஞ்சின் ஒயிலை அதற்குள் ஊற்றினால் இறப்பரெல்லாம் ஊதிக் கெட்டுவிடும். ஓடித் தேய்ந்ததைவிட ஓடாமல் கெட்டதே இந்தக் காரில் அதிகம். பாதுகாப்பாக வைத்திருப்பதாக நினைத்துத் திறக்காமலே வைத்த ஏட்டுக்கட்டுகளுக்கு நேர்ந்ததும் இதுதானே.

பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவதும் இந்தக் காரில்தான். அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா சற்று நேரம் அந்தக் குழிகளைப் பார்த்திருந்துவிட்டு, "புதுசையே போடு" என்றார்.

மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழே சட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. கம்பளத்தை விலக்கி, மூடியைக் கழற்றி, மேலிருந்து குனிந்தே வேலை செய்ய வேண்டும். அதைப் பிடித்திருப்பவை இரண்டு நீண்ட போல்ற்றுகள். நட்டைக் கழற்றிய பின்னும் அவை வெளியே வரமாட்டா. முன்சில்லின் பாரத்தைத் தாங்கும் ரோர்ஷன் பார் வழியை மறித்து நிற்கும். முறுக்கேறி நிற்கும் அந்தக் கம்பியை, முறையாக முட்டுக் கொடுத்துத் தளர்த்தி விலக்கவே எங்களுக்கு ஒரு முழுநாள் சென்றது. காரைப் பூட்டிய தொழிற்சாலையில் எது முதலில் வந்ததோ, அந்த ஒழுங்கு அவர்களுக்கு வசதி. கழற்றப் போகிறவனை அங்கே யாரும் நினைக்கவில்லை.

மறுநாள் புதுச் சிலிண்டரை இருத்தியபோது, மெக்கானிக் அந்த இரு போல்ற்றுகளையும் எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைத்தார். அசலில் இப்படியில்லையே என்றேன்.

"இனிக் கழற்றுறவன் பாரிலை கைவைக்கத் தேவையில்லை, தம்பி."

இது அவருடைய கண்டுபிடிப்பல்ல. மைனரோடு மாரடித்த பலரும் செய்கிற வேலைதான். ஆனால் நான் சொல்ல வந்தது இதைத்தான். அசலே வேதம் என்பவர் போல்ற்றைப் பழையபடி போட்டிருப்பார். ஓடினால் சரி என்பவர் அது எப்பக்கம் போனாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார். இனி வரப்போகிற ஒருவனை, முகம் தெரியாத ஒருவனை, மனத்தில் வைத்திருப்பவனுக்கே திருப்பிப் போடத் தோன்றும். பழையதைக் காப்பது என்று நான் கருதுவது இந்த அக்கறையையே.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது, ஏட்டை அப்படியே பேணுவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. ஏடு செல்லரித்துக்கொண்டிருந்தது, நூல் வாசிக்கப்பட வேண்டும். உடலை மாற்றி உயிரைக் காத்தார். அதற்காக எதை மாற்றினாலும் தகும் என்று பொருளில்லை. நல்ல பதிப்பாசிரியன் தான் கொண்ட பாடத்தையும் தள்ளிய பாடத்தையும் அடியில் குறித்துவைப்பான். அடுத்தவன் தன்னைத் திருத்த வழிவிடுவான்.

அப்படியானால் இரட்டைச் சுற்றுச் சிலிண்டரையே பூட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, என்னிடம் முழுமையான மறுப்பில்லை. குழாய்களின் பாதையையே மாற்றும் அந்த வேலையை நன்கு தெரிந்த கை செய்யுமானால் நான் குறை சொல்லமாட்டேன். அரைகுறையாகப் புதுப்பிப்பதைவிட முழுமையாகப் பழையபடி பூட்டுவது மேல் என்பதே அன்று எங்கள் முடிவு.

புது இறப்பர், புதுத் திரவம். சிலிண்டரிலிருந்து அதிகத் தூரத்திலுள்ள இடப்பக்கப் பின்சில்லில் தொடங்கி, குமிழி அடங்கும்வரை காற்றெடுத்தோம். மிதியில் சிறிதளவு சும்மா அசைவு விட்டோம். அதுவும் இல்லாவிட்டால் பிஸ்ரன் முழுதாகத் திரும்பாது, திரவம் சூடேறி விரியும்போது பிறேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

பழைய சிலிண்டர் இப்போது சித்தப்பாவின் கண்ணாடி அலுமாரியில், ஐயாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குரிய இடம் அதுவே. காரின் கொப்பியில் திகதியிட்டு இரண்டு வரி எழுதிவைத்தேன்: சிலிண்டர் புதிது; போல்ற்றுகள் திருப்பிப் போடப்பட்டுள்ளன.