பசைக்கு ஓர் எண், நமக்கு ஒரு நாணயம்

வடசேரி கனகமூலம் சந்தைப் பக்கம் சரக்கு எடுக்க வரும் சில்லறை வணிகர், மைதா, புளி, தீப்பெட்டியோடு ஒரு டஜன் பசைப் பாட்டிலும் கேட்பார். நாமும் அதைப் பில்லின் கடைசி வரியில் எழுதிவிடுவோம். அந்தக் கடைசி வரிச் சரக்குக்கு அரசாங்கம் மூன்று விதமான வகைப்பாடு வைத்திருக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலாவது, தொழில் வகைப்பாடு. 2008ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் இரசாயனப் பொருள் உற்பத்தி 20ஆம் பிரிவு. அதில் 2029 என்ற வகுப்பில் கோந்து, தயாரிப்புப் பசைகள், ரப்பர் பசை யாவும் அடக்கம். சிவகாசித் தீப்பெட்டியும் பட்டாசும் அதே வகுப்புதான். மொத்த வணிகம் 46ஆம் பிரிவு. சில்லறை வணிகம் 47.

இரண்டாவது, ஜி.எஸ்.டி. பில்லில் போடும் எச்.எஸ்.என். எண். மாவுச்சத்துப் பசை 3505. வேறிடத்தில் சொல்லப்படாத தயாரிப்புப் பசைகள் 3506. ஆனால் பசை என்றே சில்லறை விற்பனைக்காக 1 கிலோவுக்கு மிகாமல் அடைத்து வந்தால், எதில் காய்ச்சியதாயினும் 3506தான். சுவரொட்டி ஒட்டுகிறவர் பசை காய்ச்ச வாங்கிப் போகும் மைதாவோ மாவுக்குரிய 1101லேயே நிற்கும்.

மூன்றாவது, மாசுக் கட்டுப்பாட்டு நிறம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016ல் வகைப்படுத்தியபோது வச்சிரம், ஜெலட்டின் செய்யும் ஆலைகளைச் சிவப்பில் வைத்தது. மின்சாரத்திலோ எரிவாயுவிலோ சூடேற்றி, மாவுச்சத்தைக் கலந்து பசை செய்வதைப் பச்சையில் வைத்தது. பெயர் ஒன்றாயினும் தொழில் வேறு என்பதற்கு இதுவே சான்று.

இதெல்லாம் பலசரக்கு வணிகருக்கு எதற்கு என்று கேட்கலாம். நமது அனுபவத்தையே சொல்கிறோம். மரச்சீனி மாவில் பசை காய்ச்சி நமக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் சிறு உற்பத்தியாளர் ஒருவர், இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குச் சென்றார். அவருடைய உத்யம் சான்றிதழில் 46 என்று இருந்தது. பதிவு செய்து கொடுத்தவர், "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்க, இவர் "பசை விற்கிறேன்" என்றிருக்கிறார். ஒரு சொல்லில் உற்பத்தியாளர் வியாபாரியாகிவிட்டார்.

இதனால் போனது கடன் மட்டுமன்று. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளரின் சரக்குக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிடில் 15 நாட்களுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024-25 கணக்கீட்டு ஆண்டு முதல், காலம் கடந்து கொடுத்த தொகையை, கொடுத்த ஆண்டில்தான் செலவாக வருமான வரியில் ஏற்பர். 2021 முதல் வணிகர்களும் உத்யமில் பதியலாம் என்றாலும், அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. இந்த 45 நாள் பாதுகாப்பு வணிகருக்கு இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம். அவருக்கு நாம் 90 நாள் கழித்தே பணம் கொடுத்து வந்தோம். அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. இப்போது சக வணிகர் ஒருவர், "அவர் 46லேயே இருக்கட்டுமே, நமக்கு நல்லதுதானே" என்றார். அந்தப் பேச்சை நாம் ஏற்கவில்லை. வட்டிக்கு வாங்கி நமக்குக் கடன் கொடுக்கிறவர் எத்தனை நாள் தாங்குவார்? உள்ளூர் அடுப்பு அணைந்தால், வெளியூர்ப் பெரிய கம்பெனி சொல்லும் விலைக்கும், முன்பணம் என்ற அதன் நிபந்தனைக்கும் நாம்தான் தலையாட்ட வேண்டிவரும்.

நமக்கும் சங்கடம் உண்டு. நாம் கொடுத்த கடன் கடைகளிலிருந்து காலத்தில் திரும்புவதில்லை. அதற்குப் பாதுகாப்புக் கேட்டு அரசிடம் மனுச் செய்வோம். அது நமது உரிமை. ஆனால் அந்தக் குறையைப் பசை காய்ச்சுகிறவர் தலையில் இறக்குவது நியாயமன்று.

ஆகவே நாம் வேண்டுவது மூன்று. உற்பத்தியாளரிடம் சரக்கு எடுக்கும் வணிகர்கள் அவரது உத்யம் சான்றிதழின் நகலை வாங்கிப் பாருங்கள். எண் தவறாயிருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். திருத்தக் கட்டணம் ஏதுமில்லை. சங்க அலுவலகத்தில் வாரம் ஒரு நாள், விவரம் தெரிந்த ஒருவரை அமர்த்தி இந்த எண்களைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். ஒரு நடைக்கு எடுக்கும் சரக்கைக் குறைத்து, பணத்தை விரைவில் கொடுக்கப் பழகுவோம்.

நமது உற்பத்தியாளர் சான்றிதழைத் திருத்திவிட்டார். நாமும் 45 நாள் என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டோம். முதல் தவணை சற்றுக் கடினமாகவே இருந்தது. ஆயினும் கொடுத்துவிட்டோம்.